மேசை மேல் ஒரு கம்பிச்சடக்கு

நேயர்களே... மன்னிக்கவும், வாசகர்களே! வானொலிப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று மாதமாகச் சாப்பாடு இல்லை. அங்கே ரயில் ஓடுகிறது.

மாதிரி ரயில் செய்யும் மேலைநாட்டுக்காரர்களுக்கு எஃகு ஆலை என்றால் உயிர். ஊது உலை, உருகிய இரும்பைச் சுமக்கும் வண்டிகள் என்று பிரமாண்டமாக இருக்கும். நானும் அதைத்தான் வாங்கப் பார்த்தேன்.

"நம்ம ஊரு ஈயத்தால வந்த ஊருடா. இரும்பாலை எதுக்கு?" என்றார் அப்பா.

நியாயம்தான். 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 8 மைல் ஓடியதே ஈயத்தைக் கப்பலேற்றத்தான். அந்த ஊர் இப்போது கோலா செப்பெத்தாங். அங்கே மிஞ்சியிருக்கும் பழைய நிலையப் பெயர்ப்பலகையில் தமிழும் உண்டு, போனால் பாருங்கள்.

ஆகவே ஆலைக்குப் பதில் தஞ்சோங் துவாலாங்கின் ஈயக் கப்பல். 1938இல் கட்டியது, எடை 4,500 டன், நீளம் 75 மீட்டர். 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 86 சென்டிமீட்டர். ஈப்போ ரயில் நிலையத்தையும் வைக்க ஆசை. ஆனால் அதன் வராந்தா மட்டுமே இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. மேசை பத்தாது.

தண்டவாளத்தில்தான் ஏமாந்தேன். நம் நாட்டுப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். சுருக்கினால் 11.5 மில்லிமீட்டர். நான் அவசரப்பட்டு வாங்கியதோ 16.5. அது ஐரோப்பாவின் வழக்கமான பாதை அகலத்துக்கு உரியது. பிறகு 12 மில்லிமீட்டரில் வரவழைத்தேன். எத்தனை வெள்ளி என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அதைவிடக் கஷ்டம் லயம். அப்பா பிறந்த தோட்டம் கைமாறி இப்போது தாமானாகிவிட்டது. லயத்தின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருக்கிற குடும்பப் படங்களிலெல்லாம் பின்னால் தெரிவது ஸ்டூடியோ திரைதான். நானாக அட்டையை வெட்டி, தகரக் கூரை போட்டு, கம்பிச்சடக்கு ஓரமாக வைத்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "வாசப்படி இந்தப் பக்கம் இல்ல. தண்ணிக் குழா எங்க? கடைசி வீட்டுக்குப் பக்கத்துல முருங்கை நிக்கும்."

அம்மா போனதிலிருந்து நாளுக்குப் பத்து வார்த்தை பேசாதவர், அன்று இரவு பதினொரு மணிவரை பேசினார். மறுநாள் எனக்குக் காலை நிகழ்ச்சி. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.

இப்போது குழாயடியில் ஒரு பெண் வேண்டுமாம். இந்த அளவில் 18 மில்லிமீட்டர் உயரம். கடைப் பொம்மைகளெல்லாம் கோட்டும் தொப்பியுமாக இருக்கின்றன. சேலையை நான்தான் தீட்ட வேண்டும்.

அம்மாவின் சேலை என்ன நிறம் என்று கேட்டேன். அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.