தொட்டிக்கு வரும் மீன் எங்கே பிறந்தது?

தாபோடியில் கடல் இல்லை. இருப்பது முளா, பவனா என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். புனேயிலிருந்து மும்பைக்கு ரயில் பாதை 192 கிலோமீட்டர். அதன் பிறகுதான் உப்புத் தண்ணீரைப் பார்க்கலாம். ஆனால் கடலை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவரும் ஆசை இப்போது இங்கும் வந்துவிட்டது. தங்கமீன் தொட்டி வைத்தவர்கள் அடுத்தபடியாகப் பவளப்பாறைத் தொட்டி வைக்கத் திட்டமிடுகிறார்கள். ஆழம் குறைந்து, அகலம் மிகுந்து, மேலிருந்து பார்த்தால் ராமேசுவரம் கரையோரம் போலத் தெரியும் தொட்டி அது.

ஆசையில் தவறில்லை. ஆனால் தொட்டி வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. இந்த வீட்டால் அதைக் காப்பாற்ற முடியுமா? அதில் விடப்போகும் உயிர் எங்கே பிறந்தது? இரண்டாவது கேள்வியைக் கடைகளில் பலர் கேட்பதே இல்லை. அதைக் கேட்காமல் ஒரு மீன்கூட வாங்கக்கூடாது.

உப்புக் கணக்கு

முதலில் வீட்டுக் கணக்கு. 4 அடி நீளம், 2 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் 10 அங்குலம் தண்ணீர் விட்டால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 190 கிலோ. கண்ணாடி, கல், இரும்பு நிலை எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கும். பழைய சாளின் மாடியறையில் இதை வைப்பவர் முதலில் தளத்தின் பலத்தை விசாரிக்க வேண்டும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆகவே 190 லிட்டருக்கு ஆறரைக் கிலோவுக்கு மேல் உப்பு தேவை. சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் முதலியவை கலந்த தனி உப்பு வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. எனவே வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீரில்தான் அந்த உப்பைக் கரைக்க வேண்டும். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி ஒரு லிட்டர் நல்ல நீர் தர ஏறக்குறைய 3 லிட்டரைக் கழித்துத் தள்ளும். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் முறையைக் கொண்டுவந்தது. அந்த மாநகராட்சிக்குள் இருக்கும் தாபோடியில் இது சிறிய விஷயமல்ல. கழிவு நீரைத் துணி துவைக்கவாவது பயன்படுத்தத் தெரியாதவர் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கக்கூடாது.

ஆழம் குறைந்த தொட்டிக்கு நன்மைகள் உண்டு. விளக்கின் ஒளி எளிதாக அடிவரை போகும். நீர்ப்பரப்பு அதிகம் என்பதால் காற்று நன்றாகக் கலக்கும். கையை விட்டுச் சுத்தம் செய்வது சுலபம். ஆனால் அதே அகலப் பரப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது நாளுக்கு மூன்றே முக்கால் லிட்டர். குடும்பத்தோடு பத்து நாள் ஊர்த் திருவிழாவுக்குப் போய் வந்தால் 37 லிட்டர் போயிருக்கும். 35 கிராமாக இருந்த உப்பு 43 கிராமைத் தாண்டியிருக்கும். திரும்பி வருபவரை வரவேற்க மீன் உயிரோடு இராது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத் தானே விடும் கருவியோ, நம்பிக்கையான அண்டை வீட்டாரோ இல்லாமல் இந்தத் தொட்டி நிற்காது. மின்சாரம் போனால் ஓடப் பேட்டரிக் காற்றுப் பம்பும், மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே வலையும் வேண்டும்.

பொறுமை இன்னொரு செலவு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. தொட்டி வாங்கிய அன்று மாலையே மீனையும் வாங்குபவர் அதைச் சாகடிக்கவே வாங்குகிறார்.

நம் ஊர்க் கடலின் கதை

அடுத்த கேள்விக்கு வருவோம். புனேயில் வாழும் தமிழர் பலருக்கு ராமநாதபுரமும் தூத்துக்குடியும் சொந்த ஊர். அந்தக் கரையில் பவளப்பாறைக்கு நேர்ந்ததை அவர்களாவது அறிந்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். 1986ஆம் ஆண்டில் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசிய கடல் பூங்கா என்று அரசு அறிவித்தது. அவற்றில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் பின்னர் நீரில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளக்கல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். போதாததற்கு 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி, பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன.

2001ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அது. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை. 'வீட்டிலேயே வெட்டி வளர்த்த பவளம்தான்' என்று விற்பவர் வாய்ச்சொல்லாகச் சொல்வதை நம்பி வாங்குபவருக்குச் சட்டத்தின் முன் அந்தச் சொல் கைகொடுக்காது. 'உயிர்க்கல்' என்ற பெயரில் வரும் கடல் கல்லும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடே. எனவே தாபோடித் தொட்டியில் பாறை வேண்டுமானால் அது சிமென்ட்டாலோ சுட்ட மண்ணாலோ செய்த பாறையாக இருக்கட்டும். சில மாதங்களில் அதன்மேல் பாசி படர்ந்துவிடும். பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது.

பண்ணையில் பிறந்த மீன்

மீன் விஷயத்தில் வழி இன்னும் எளிது. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பாறையிலிருந்து பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் உண்டு. அதில் பவளமும் சாகிறது. பிடிபட்ட மீனும் நெடுநாள் வாழ்வதில்லை.

ஆனால் கோமாளி மீனுக்கு அந்தக் கதி தேவையில்லை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன், 2003இல் வந்த ஒரு அமெரிக்கக் கார்ட்டூன் படத்தால் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அது கல்லின்மேல் முட்டையிடும். ஆண் மீன் காவல் இருக்கும். ஒரு வாரம் அளவில் முட்டை பொரிந்ததும் குஞ்சுக்கு ரோட்டிபர் என்ற நுண்ணுயிரும், பிறகு ஆர்ட்டீமியாவும் உணவு. இந்த வித்தையை நம் விஞ்ஞானிகள் நன்கு கற்றிருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீன் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியுள்ளன. மும்பையை அடுத்த ஐரோலியிலும் மகாராஷ்டிர மாங்குரோவ் அறக்கட்டளை, லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபணு வள நிறுவனத்தின் உதவியோடு கடல் அலங்கார மீன் பொரிப்பகம் அமைத்தது. லட்சத்தீவின் அகத்தியில் உள்ளூர்ப் பெண்கள் அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி பெற்றார்கள்.

'கடல் மீனைப் பிடிக்கக்கூடாது என்றால் மீனவன் பிழைப்பு என்னாவது?' என்று கேட்பவர்கள் அகத்தியைப் பார்க்க வேண்டும். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சைக் கரையோரக் குடும்பம் சில மாதம் வளர்த்து விற்றால், பாறையும் பிழைக்கும்; குடும்பமும் பிழைக்கும்.

'பண்ணை மீனுக்கு விலை அதிகம்' என்பது இன்னொரு வாதம். அது பிறந்தது முதல் தொட்டித் தண்ணீருக்கும் போடும் தீனிக்கும் பழகிய மீன். அலையில் வளர்ந்த மீன் பலமுறை தீனியைத் தொடாமலே சாகிறது. மலிவாக வாங்கி மூன்று முறை சாகவிடுவதைவிட, ஒருமுறை விலை கொடுப்பதே லாபம்.

எல்லா மீனுக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. நீல நிறச் சர்ஜன் மீனைப் பண்ணையில் வளர்த்தெடுக்க ஃபுளோரிடா விஞ்ஞானிகளுக்கு 2016 வரை ஆயிற்று. பண்ணையில் கிடைக்காத மீனை வாங்காமல் விடுவதே முறை. நாலடித் தொட்டிக்கு ஒரு ஜோடிக் கோமாளி மீனும் சில இறாலும் தாராளம். கூட்டம் சேர்த்தால் தண்ணீர் கெடும்.

செய்ய வேண்டியது

மீன் கடைகளில் விலைப்பலகை தொங்குகிறது. அதில் மீனின் பெயருக்குப் பக்கத்தில் 'பண்ணை' அல்லது 'கடல்' என்று ஒரு சொல் எழுதும்படி அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அரசுப் பொரிப்பகங்களின் குஞ்சுகள் புனே போன்ற உள்நாட்டு நகரக் கடைகளுக்கும் ரசீதோடு வந்து சேர ஏற்பாடு வேண்டும். அதுவரை வாங்குபவரே கேட்கட்டும். பதில் இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பட்டும். பத்துப் பேர் அப்படித் திரும்பினால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரர் பதில் வைத்திருப்பார்.

கடல் மீன் தொட்டியே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. கடலைப் பார்த்தறியாத தாபோடிக் குழந்தை ஒரு ஜோடி மீனைத் தினமும் பார்த்துக் கடலை நேசிக்கக் கற்றால் அது நல்ல பாடமே. ஆனால் அந்தப் பாடத்துக்காகத் தன் பாட்டன் ஊர்க் கடல் ஒரு துண்டு உடைந்தது என்று அந்தக் குழந்தை பின்னாளில் அறியும்படி வைக்கக்கூடாது.