அட்டைக் கடனும் நம் சங்கங்களும்

சில மாதங்களுக்கு முன் புதுவை நகரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். தவணை தவறியோர் பட்டியலில் ஓர் அங்கத்தினரின் பெயரைக் கண்டு வியப்புற்றேன். பல்லாண்டுகளாக ஒரு தவணையும் தவறாதவர் அவர். காரணம் வினவியபோது, பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று நெசவாளர் கடன் அட்டை. மற்றொன்று ஒரு பாங்கு வழங்கிய கிரெடிட் கார்டு. "இரண்டும் கடன் அட்டைதானே, ஐயா? இதைக் கட்டினேன்; அதைக் கட்ட முடியாமற் போயிற்று" என்றார்.

பெயர் ஒன்றாயிருத்தலே இங்குத் தீங்காய் முடிந்தது. உழவர் கடன் அட்டை 1998ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பின்னர் நெசவாளர்க்கும் அத்தகைய அட்டை வகுக்கப்பட்டது. இவை தொழிற் கடன்கள். நூல் துணியாகும், விதை நெல்லாகும், அவ்வருவாயிலிருந்தே கடன் தீரும். கடைத்தெருக் கார்டோ நுகர்ச்சிக் கடன். அதன் பிறப்பே வேறு. 1958இல் பாங்க் ஆப் அமெரிக்கா என்னும் பாங்கு, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தில், கேளாதவர்க்கும் சுமார் 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பித் தன் அட்டை வாணிபத்தைத் தொடங்கிற்று. நம் நாட்டில் 2024 பிப்ரவரியில் இத்தகைய அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்தது.

கணக்கைப் பார்ப்போம். கார்டில் பாக்கி ரூ. 20,000, மாத வட்டி 3.5 சதவீதம், கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அங்கத்தினர் ரூ. 1,000 கட்டுகிறார். அதில் வட்டிக்குப் போவது ரூ. 700. வட்டியின்மேல் 18 சதவீதம் சரக்கு சேவை வரி ரூ. 126. அசலிற் கழிவது ரூ. 174 மட்டுமே. இனி உழவர் கடன் அட்டையைப் பாருங்கள். ரூ. 3 இலட்சம் வரையிலான பயிர்க் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். நாள் தவறாது திருப்புவோர்க்கு 3 சதவீதச் சலுகை போக 4 சதவீதம். அதே ரூ. 20,000க்கு ஓராண்டு வட்டி ரூ. 800. அங்கே ஒரு மாதத்துக்கு ரூ. 826, இங்கே ஓராண்டுக்கு ரூ. 800!

வட்டிக்கு வரம்பு இல்லையா எனலாம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வாணிபம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்துச் செய்துவிட்டது. ஆகவே நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.

கார்டு முற்றிலும் தீயது என்பது என் கருத்தன்று. குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்துவோர் பொருள் வாங்கியதற்கு வட்டியே கொடுப்பதில்லை. ஆனால் அது மாதச் சம்பளக்காரர்க்கு இசைந்த ஏற்பாடு. நம்மவர் வருமானம் பாவு அறுத்த பின் வருவது. அறுவடைக்குப் பின் வருவது. ஐப்பசியில் தீபாவளிக்கு வாங்கிய பண்டத்தின் பாக்கி கார்த்திகையில் வாயிற்படியில் வந்து நிற்கிறது. அப்போது புதுவையில் அடைமழை. தெருவில் பாவு விரிக்க இயலாது. குழித்தறியில் ஈரம் ஊறும். தறி நிற்கும், வட்டி நிற்பதில்லை. பாக்கி ஒரு பகுதி நின்றுவிட்டாலோ, புதிதாக வாங்கும் பண்டத்துக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும்.

இத்தொல்லை குடும்பத்தோடு நின்றுவிடுவதுமன்று. தென்கொரியாவில் 1997ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின், செலவைப் பெருக்கும் நோக்குடன் அரசே வரிச் சலுகை தந்து அட்டைகளை ஊக்குவித்தது. ஓர் அட்டையிற் பணம் எடுத்து மற்றோர் அட்டையின் பாக்கியை அடைப்பது பலர்க்கு வழக்கமாயிற்று. 2003இல் தவணை தவறியோர் தொகை 35 இலட்சத்தைத் தாண்டிற்று, எல்.ஜி. கார்டு என்னும் பெரிய நிறுவனத்தை அதற்குக் கடன் தந்த பாங்குகளே தாங்க வேண்டியதாயிற்று. நமது ரிசர்வ் பாங்கு 2023 நவம்பரில், பாங்குகளின் அட்டைக் கடனுக்குரிய அபாய மதிப்பை 125இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியதும் இத்தகைய ஆபத்தை முன்னிட்டே. அதாவது, இக்கடன் கொடுக்கும் பாங்கு முன்னிலும் மிகுதியான சொந்த மூலதனத்தை ஒதுக்கி வைத்தாக வேண்டும். அடகில்லாக் கடன் பெருகினால் பாங்குக்கும் ஆபத்து என்பதே இதன் உட்பொருள்.

நிற்க. அந்த நெசவாளர் மேலும் ஒன்று சொன்னார். மகளின் படிப்புச் செலவுக்காக முதலில் அவர் சங்கத்தைத்தான் நாடினாராம். "தறிக்கும் நூலுக்குமே கடன், வீட்டுச் செலவுக்கு விதியில்லை" என்று விடை கிடைத்ததாம். பாங்கின் ஆளோ வீடு தேடி வந்தார். இக்குறை நம்முடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1844இல் ராச்டேல் முன்னோடிகள் 28 பேர் ரொக்கத்துக்கன்றிப் பண்டம் விற்பதில்லை என்று உறுதி கொண்டனர். நாம் நுகர்ச்சிக்குக் கடன் தரலாமோ என்று சிலர் கேட்கக்கூடும். கடைக்காரனின் கடன்தான் தொழிலாளியை அடிமைப்படுத்துகிறது என்று கண்டே அவர்கள் அவ்வாறு செய்தனர். நம் சேமிப்பிலிருந்து நாமே, அளவறிந்து, ஒருவரையொருவர் அறிந்து கொடுத்துக்கொள்வது அத்தகையதன்று.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் தன் மகாசபையில் இவற்றை ஆலோசிக்க வேண்டுகிறேன். துணைவிதிகளில் இடமிருந்தால், இல்லையேல் அவற்றை முறைப்படி திருத்தி, சிக்கன நிதியிலிருந்து குடும்பத் தேவைக்குச் சிறு கடன் வழங்கலாம். விண்ணப்பத்தின்மீது ஒரு வாரத்தில் முடிவு கூற வேண்டும். தவணை, மாதக் கணக்கிலன்றிக் கூலியும் அறுவடையும் வரும் காலத்தை ஒட்டி அமைய வேண்டும். கார்டில் பாக்கி உள்ளவர்கள் அதிற் புதிதாகப் பண்டம் வாங்குவதை உடனே நிறுத்துக. பாக்கி தீர்ந்தபின் கார்டை மூடக் கோரினால், ரிசர்வ் பாங்கு விதிகளின்படி 7 வேலை நாட்களில் மூடித் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500 அபராதம் உங்களுக்கு உரியது.

அந்த நெசவாளர் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார். பாக்கி இன்னும் தீரவில்லை. அவர் சங்கத்தின் படியேறி வந்த அன்று நாம் என்ன சொல்லி அனுப்பினோம் என்பதை அடுத்த மகாசபையில் ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து கேட்க வேண்டும்.