விடை சரி, ஸ்டெப் எங்கே?



இரண்டு நாளாக டீச்சரை இந்தப் பக்கம் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு நாவலில் மாட்டிக்கொண்டேன்.

"அத்தை, இதைக் கையில எடுத்தா கீழ வைக்க மாட்டீங்க" என்று சொல்லி என் அண்ணன் மகள் கொடுத்துவிட்டுப் போன புத்தகம். ஃப்ரீடா மெக்ஃபேடன் எழுதிய 'தி பாய்ஃப்ரெண்ட்'. 2024இல் வந்தது. எழுதியவர் அமெரிக்காவில் ஒரு டாக்டர், புனைபெயரில் எழுதுகிறார். இவருடைய 'தி ஹவுஸ்மெய்ட்' உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அண்ணன் மகள் சொன்னது பொய்யில்லை. இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன். ஆனால் முடித்ததும், கல்யாண வீட்டுக்குப் போய்ப் பசியோடு திரும்பின மாதிரி இருந்தது.

கதை நியூயார்க்கில் நடக்கிறது. சிட்னி என்ற பெண். முப்பதைத் தாண்டியவள், தனியாக வசிப்பவள். டேட்டிங் ஆப்பில் மாப்பிள்ளை தேடுகிறாள். நம் ஊரில் ஜாதகம் வருகிற மாதிரி அங்கே போட்டோ வருகிறது. அவளுடைய தோழி ஒருத்தி கொலையாகிறாள். சிட்னிக்கு ஒரு அழகான டாக்டரோடு பழக்கம் ஏற்படுகிறது. பழைய காதலன் போலீஸ் துப்பறிவாளராக வருகிறான். இடையிடையே பல வருடம் முன்னால் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பையனின் கதையும் ஓடுகிறது. யார் கொலைகாரன் என்பதுதான் கேள்வி. அதை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அண்ணன் மகள் என்னோடு பேசமாட்டாள்.

முதல் அத்தியாயங்கள் எனக்குப் பிடித்தன. போட்டோவில் ஒரு மாதிரியும் நேரில் வேறு மாதிரியும் இருக்கும் ஒருவனைச் சிட்னி சந்திக்கப் போகிறாள். கிளம்பலாம் என்றால் அவன் விடுவதாக இல்லை. மரியாதை குறையாமல் அவனிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று அவள் தவிக்கிறாள். அந்தத் தவிப்பு நிஜம். பெண்ணாகப் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும். பேருந்திலும் ஆபீஸிலும் ஏன், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும் கூட அதை அனுபவித்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு கதை அந்த நிஜத்தை விட்டுவிட்டுக் கண்ணாமூச்சி ஆடத் தொடங்கிவிடுகிறது. இவனா, அவனா, ஒருவேளை இவளா என்று ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு புது ஆளைக் காட்டிவிட்டு முடிகிறது. கடைசியில் ஒரு திருப்பம். எண்பது லட்சம் பேர் வசிக்கிற ஊர் நியூயார்க். அங்கே கதைக்கு வேண்டிய அத்தனை பேரும் இந்த ஒரு பெண்ணைச் சுற்றியே வந்து நிற்கிறார்கள்.

நான் கணக்கு டீச்சர். என்னிடம் படித்தவர்களுக்கு என் கெடுபிடி தெரியும். விடை மட்டும் எழுதினால் முழு மார்க் கிடையாது, ஸ்டெப் வேண்டும். அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926இல் வந்த நாவல். அதன் முடிவு தெரிந்தபின் மறுபடி முதலிலிருந்து படித்தால், ஸ்டெப் எல்லாம் நம் கண்ணெதிரே இருந்திருக்கும், நாம்தான் கவனிக்கவில்லை. இந்தப் புத்தகத்தை நான் திரும்பிப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பத்துக்கு நாலு மார்க் போடுவேன்.

ஆனால் எனக்கு நிஜமான வருத்தம் வேறு. டேட்டிங்கில் உள்ள ஆபத்தை இது ஒரு விடுகதையாக்கிவிடுகிறது. கடைசிப் பக்கம் வரை யாருக்கும் எதுவும் தெரியாது என்கிறது. நிஜத்தில் அப்படியா?

அதே அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம் சொல்கிறேன். 1978இல் 'தி டேட்டிங் கேம்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி. திரைக்குப் பின்னால் மூன்று ஆண்கள். ஒரு பெண் கேள்வி கேட்டு, பதிலை வைத்து ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தவன் ராட்னி அல்காலா. அவன் அதற்கு முன்பே கொலைகள் செய்தவன். 1968இல் 8 வயதுச் சிறுமியைத் தாக்கி, அதற்காகச் சிறைக்கும் போய்வந்தவன். அப்படிப்பட்டவனை மேடையில் உட்காரவைத்துக் கைதட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்து அவனோடு பேசிப் பார்த்த அந்தப் பெண், இவனோடு வெளியே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. ஏதோ சரியில்லை என்று பட்டது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு 12 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொன்ற வழக்கில்தான் அவன் கைதானான். மரண தண்டனைக் கைதியாகவே 2021இல் செத்தான்.

இதில் மர்மமே இல்லை. ஆனால் இதைப் படித்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பட்டது, நிகழ்ச்சி நடத்தினவர்களுக்குப் படவில்லை.

தூக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடைவேளையில் வந்து நின்றாள். "மிஸ், டியூஷன் போற வழியில ஒரு அண்ணன் தினமும் சைக்கிள்ல கூடவே வர்றாங்க. நல்லாத்தான் பேசறாங்க. ஆனா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு மிஸ்."

"என்ன பண்ணினான்?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல மிஸ்."

"ஒண்ணும் பண்ணலேன்னா எதுக்குப் பயப்படறே? போய்ப் படி."

அடுத்த வாரத்திலிருந்து அவள் டியூஷனை நிறுத்திவிட்டாள். நல்லவேளை, வேறு விபரீதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் கணக்கில் நன்றாக வந்துகொண்டிருந்த பெண், அந்தத் தேர்வில் பின்தங்கிப் போனாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, படிப்பை விடுவதாக இருந்தது. அவள் பின்னால் யாராவது ஒருவர் நடந்திருந்தால் போதும். அந்த ஒருவர் நானாக இருந்திருக்கலாம்.

அவள் இந்தப் பதிவைப் படிப்பாள். அம்மாடி, நாவல்காரரிடம் ஸ்டெப் கேட்பது சரி. உன்னிடம் அன்றைக்கு நான் ஸ்டெப் கேட்டது தப்பு. மன்னித்துவிடு.

இப்போது நீங்களே பெற்றோர்கள். உங்கள் பெண்கள் ஆப்பில் பழகலாம், ஆபீஸில் பழகலாம், நீங்களே பார்த்த வரனாகவும் இருக்கலாம். "பையன் நல்லவன்தான், ஆனா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னால், ஏன் என்று குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். காரணம் சொல்லத் தெரிந்தால் அவளே சொல்லியிருப்பாள். முதலில் அவள் பக்கம் நில்லுங்கள்.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ரயில் பயணத்துக்கு மோசமில்லை. வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காபியும் உண்டு.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் கணக்கு டீச்சர்