க்ஷயரோகமும் இயற்கை வைத்தியமும்

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடிக்குமாயின் கபத்தைப் பரீக்ஷித்தே தீரவேண்டும். இச்சிறு விதியை இயற்கை வைத்தியருள் சிலரும், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுள் சிலரும் மறந்துவிடுவது விசனிக்கத்தக்கது. முன்னவர் மண்பட்டியும் உபவாசமும் விதிக்கிறார். பின்னவர் இருமல் மருந்தை மூன்றாம் முறையும் எழுதிக் கொடுக்கிறார். சாக்ஷியை விசாரியாமலே தீர்ப்புக் கூறும் நியாயாதிபதியை நாம் சகிப்போமா?

இயற்கை வைத்தியத்தின்மீது நமக்குத் துவேஷமில்லை. ஆயினும் 1959ல் வெளியான சென்னை ஆராய்ச்சியை அதன் அபிமானிகள் படித்தல் நலம். ஏழை க்ஷயரோகிகளுள் ஒரு சாராரை வீட்டிலும், மறுசாராரை ஸானடோரியத்திலும் வைத்து, இருவர்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். ஸானடோரியத்தில் நல்ல ஆகாரம், ஓய்வு, காற்று; வீட்டிலோ அரைவயிற்றுக் கஞ்சியும் நெரிசலும். எனினும் குணமடைந்தோர் தொகையில் பெரிய பேதமில்லை. கிருமியைக் கொன்றது மருந்தே.

ஆகாரம் வீண் என்பதல்ல நமது வாதம். நோயாளியின் குடும்பத்தார்க்கும் உணவுப் பண்டங்கள் வழங்கிய ஜார்க்கண்ட் ஆராய்ச்சியில், அவர்களுள் புதிதாக நோய் கண்டோர் தொகை 39 சதவிகிதம் குறைந்ததென 2023ல் அறிவித்தனர். அங்ஙனமிருக்க, உருகிவரும் க்ஷயரோகிக்கு உபவாசம் விதிப்பது என்ன வைத்தியமோ!

இருமல் தணிந்ததும், ஆறு மாத மருந்தை இரண்டாம் மாதத்திலேயே நிறுத்தச் சொல்வது அதனினும் கொடிது. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகி, வீட்டிலுள்ள குழந்தைகளையும் பற்றக்கூடும்.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் இயற்கை வைத்தியரையும் சர்க்கார் நியமித்திருக்கிறது. இரண்டு வாரத்து இருமலுடன் வருவோரின் கபப் பரீக்ஷை முடிவைப் பாராமல் அவர்கள் சிகிச்சை தொடங்கலாகாதென சுகாதார இலாகா உடனே உத்தரவிட வேண்டும். டாக்டர்களுக்கும் அவ்வுத்தரவே பொருந்தும்.