கத்தரிக்காய் வாங்கிய கடன்

அப்பா வேலூரிலிருந்து மஞ்சப்பையோடு வந்து இறங்கினார். பைக்குள் ஒண்ணரை கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பு பூரா முள். வரவேற்கப் போன என் விரலில் ரத்தம்.

"எண்ணெய்க் கத்தரிக்காய் பண்ணினா..." என்றவர், சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அம்மா போய் எட்டு மாசம். அதற்கப்புறம் அவர் எதையும் வேணும் என்று கேட்டதில்லை. மோர் சாதம், ஊறுகாய், முடிந்தது கதை.

மனைவி ஆபீஸ் டிரெய்னிங்குக்காகப் புனே போயிருந்தாள். ஆக, பொறுப்பு பி.காம். செகண்ட் கிளாஸ் தலையில்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"தனியா கொஞ்சம், கடலைப்பருப்பு கொஞ்சம், மிளகாய் கண்ணளவு..."

"யார் கண்ணுக்கா?"

வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூட எழுதக் கூடாது என்று படித்தவன் சார் நான்! மிரட்டி வாங்கிய கணக்கு இது: அரை கிலோ காய்க்குத் தனியா 3 ஸ்பூன், கடலைப்பருப்பு ஒண்ணரை, மிளகாய் 8, வெந்தயம் கால் ஸ்பூன், ஒரு பிடி தேங்காய்த் துருவல். சிவக்க வறுத்து, உப்புப் போட்டுக் கொரகொரவென்று பொடிக்கணும். காயைக் காம்போடு நாலாகக் கீறி (காம்பு வரை வெட்டிடாதீங்க, முதல் மூணு அப்படித்தான் பலி) தண்ணீரில் போடணும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். அப்புறம் ஈரம் துடைத்து, பொடியை அடைக்கணும்.

வாணலியில் நாலு கரண்டி நல்லெண்ணெய். கடுகு வெடித்ததும் காயைப் போட்டேன். ரெண்டே நிமிஷம். எண்ணெயைக் காணோம்! இன்னும் ரெண்டு கரண்டி. அதுவும் அம்பேல். சீட்டுக் கம்பெனியில் பணம் கட்டின மாதிரி இருந்தது. மறுபடி பாட்டிலை எடுத்தேன்.

"டேய், ஊத்தாதே!" ஹாலிலிருந்து அப்பா. வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷர்! "தீயைக் குறைச்சு மூடி வை. குடிச்சதைத் தானா கக்கும்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"சத்தத்துலேயே தெரியுதே. நாப்பது வருஷம் ஹால்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சிருக்கேன்."

கத்தரிக்காயின் சதை ஸ்பாஞ்சு மாதிரி, உள்ளே எல்லாம் காற்று. பச்சையாக இருக்கும்வரை எண்ணெயை உறிஞ்சும். வெந்து அமுங்கும்போது வெளியே விட்டுவிடும். பத்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தால், ஓரமெல்லாம் எண்ணெய்! வாங்கிய கடனைக் கேட்காமல் திருப்பித் தருகிற பார்ட்டியை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அப்புறம் புளித்தண்ணீர், மிச்சப் பொடி, கருவேப்பிலை, நிதானமாக ஒரு கொதி.

அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்தார். ஆடிட்டர் முன்னால் நிற்கிற கிளார்க் மாதிரி நின்றேன்.

"உங்கம்மா கடைசியில ஒரு துண்டு வெல்லம் போடுவா."

"நல்லா இல்லையாப்பா?"

பதில் இல்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் சாதம் வை."

ராத்திரி அக்காவிடம், வெல்லத்தை ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன்.

"அம்மா என்னிக்குடா வெல்லம் போட்டா?"

மறுநாள் காலை அப்பா வாக்கிங் முடிந்து வந்தார்.

"மிச்சக் காய் வாடிடும்டா" என்றார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். அச்சு வெல்லம்.