பேரன் பெயரில் எஃப்.டி... அமெரிக்காவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டுமா?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ரிட்டையர் ஆன தாத்தா, கைக்கு வந்த பணத்தில் 20 லட்ச ரூபாயைப் பேரன் பெயரில் எஃப்.டி போட நினைக்கிறார். மகனையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போகிறார். விண்ணப்பத்தில் 'பிறந்த நாடு' என்று ஒரு கட்டம். பேரன் பிறந்தது நியூஜெர்சியில். மூன்று வயதில் சென்னைக்கு வந்தவன், இப்போது எட்டாம் வகுப்பு. 'அமெரிக்கா' என்று எழுதியதும் கூடுதலாக இன்னொரு படிவத்தை நீட்டுகிறார்கள்.

"எட்டாவது படிக்கிற பையனுக்கு எதுக்குப்பா அமெரிக்க வரி?" என்கிறார் தாத்தா. நியாயமான கேள்விதான்.

பெரும்பாலான நாடுகள், ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் வரி போடுகின்றன. அமெரிக்கா அப்படியல்ல. அதன் குடிமகன் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், எந்த நாட்டில் சம்பாதித்தாலும் கணக்குக் காட்ட வேண்டும். இதில் வயது வரம்பே கிடையாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. அதனால் இந்தப் பிள்ளைகள் அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ அட்டையும் வைத்திருப்பார்கள். கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்திருக்கலாம். ஆனால், அமெரிக்க வரி விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்.

பிரிட்டனின் முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சனே இதில் மாட்டியவர். 1964-ல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவை விட்டு வந்துவிட்டவர். லண்டனில் இருந்த வீட்டை விற்ற லாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்டது. 'அநியாயம்' என்று கொதித்தவர், கடைசியில் கட்டினார். பிறகு அமெரிக்கக் குடியுரிமையையே விட்டுவிட்டார்.

சரி, நம் பேரன் கதைக்கு வருவோம்.

20 லட்சத்துக்கு 7% வட்டி என்றால் வருடத்துக்கு 1.4 லட்சம். டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சுமார் 1,590 டாலர். அமெரிக்கச் சட்டப்படி பெற்றோரைச் சார்ந்திருப்பவராகக் கருதப்படும் பிள்ளைக்கு வட்டி, டிவிடெண்ட் போன்ற வருமானம் 2025-ல் 1,350 டாலரைத் தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். மீதி 240 டாலருக்கு 10% வரி. அதாவது 24 டாலர், சுமார் 2,100 ரூபாய். இதைக் கணக்குப் போட்டுத் தர அமெரிக்க வரி தெரிந்த ஆடிட்டர் வாங்கும் ஃபீஸ் இதைவிடப் பல மடங்கு இருக்கும்!

இதே வட்டியை இந்திய வருமான வரித்துறை வேறு மாதிரி பார்க்கிறது. மைனர் பிள்ளையின் வட்டி இங்கே அம்மா, அப்பா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். ஆக, இந்தியாவில் வரி கட்டுபவர் அப்பா. அமெரிக்காவில் கட்ட வேண்டியவன் மகன். 'இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கப் போனால், இந்தப் பெயர் வித்தியாசமே சிக்கலாகிவிடலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது வரிக்கு அல்ல, சொல்லாமல் விடுவதற்குத்தான். பிள்ளை பெயரில் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் மொத்தத் தொகை வருடத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், 'எஃப்.பி.ஏ.ஆர்' என்ற அறிக்கையை ஆன்லைனில் தர வேண்டும். ஒரு ரூபாய்கூட வரி வராவிட்டாலும் தர வேண்டும். பிள்ளைக்காகப் பெற்றோரே கையெழுத்துப் போடலாம், கட்டணம் கிடையாது. விட்டுவிட்டால், தெரியாமல் செய்த தவறு என்றாலும் அபராதம் ஒரு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேலேகூடப் போகலாம்.

'அமெரிக்காவுக்கு எப்படித் தெரியப்போகிறது?' என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் 'ஃபாட்கா' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வங்கிப் படிவத்தில் பிறந்த நாட்டைக் கேட்பது அதனால்தான்.

எஃப்.டி-யாவது பரவாயில்லை. பிள்ளை பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி போடுவது இன்னும் பெரிய தலைவலி. இந்திய ஃபண்டுகளை அமெரிக்கா 'பி.எஃப்.ஐ.சி' என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. அதற்கான வரிக் கணக்கு ஆடிட்டர்களையே தலையைச் சொறிய வைக்கும். பெற்றோருக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லையென்றால், முதலீட்டைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு பிள்ளையை நாமினியாகப் போடுவதே நல்லது. தாத்தாவுக்கும் இதையே சொல்லலாம்.

'பேசாமல் குடியுரிமையை விட்டுவிடலாமே' என்றால், பிள்ளைக்காகப் பெற்றோர் அதைச் செய்ய முடியாது. விபரம் தெரிந்த வயதில் பிள்ளையேதான் முடிவெடுக்க வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த முதிர்ச்சி இல்லை என்றே அமெரிக்கா எடுத்துக்கொள்கிறது.

இத்தனை வருடம் தெரியாமல் விட்டுவிட்டீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர், வேண்டுமென்றே மறைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து, கடைசி 3 வருட ரிட்டர்னையும் 6 வருட எஃப்.பி.ஏ.ஆர் அறிக்கையையும் சேர்த்துத் தாக்கல் செய்தால் அபராதம் இல்லை. வரி பாக்கி இருந்தால் வட்டியோடு கட்ட வேண்டும். ஆனால், அங்கிருந்து நோட்டீஸ் வந்து விசாரணை தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயம். அமெரிக்காவிலிருந்து வந்தபோது கட்டிய பழைய ஃபைல்களில் அந்த அட்டை இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.