சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் மரம்

டிசம்பர் பிறந்தால் போதும், செங்கல்பட்டு கடைத்தெருவில் காகித ஸ்டார்கள் தொங்க ஆரம்பித்துவிடும். கூடவே அட்டைப் பெட்டிக்குள் குடை மாதிரி மடித்து வைத்த பச்சை பிளாஸ்டிக் மரங்களும் வந்து நிற்கும். ஸ்டார் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மரத்தின் மீதுதான்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? சுமார் முப்பது கிலோமீட்டர். பிறகு அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கல்பாக்கம், கூவத்தூர், செய்யூர் பக்கம் போய்ப் பாருங்கள். இடமும் வலமும் சவுக்குத் தோப்பு. (அதாவது "மனைகள் விற்பனைக்கு" போர்டு இன்னும் வராத இடங்களில்!) ஊசி ஊசியாகப் பச்சை, கூம்பு மாதிரி உச்சி, காற்றடித்தால் ஒரு "உஸ்ஸ்ஸ்" சத்தம். கிறிஸ்துமஸ் மரத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எங்கோ சீனாவில் அச்சில் வார்த்த பி.வி.சி. மரத்தை வாங்குவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான்.

இத்தனைக்கும் இது ஒன்றும் புதுசாக நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கெட்டில் மணல் நிரப்பி, சவுக்குக் கிளையை நட்டு, பக்கெட்டைக் கலர் பேப்பரால் சுற்றி, பஞ்சைப் பிய்த்துப் பனி என்று தூவிய காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிளாஸ்டிக் மரம் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும், சவுக்கு "விறகு" ஆகிவிட்டது. ஏதோ வசதியில்லாதவர்கள் வைப்பது என்கிற நினைப்பு. எனக்கு உறுத்துவது இந்த நினைப்புதான்.

"ஒரிஜினல்" கிறிஸ்துமஸ் மரம் எது என்று ஒரு கேள்வி வரும். ஐரோப்பாவில் ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களை வைக்கிறார்கள். காரணம் ரொம்ப எளிது. குளிர்காலத்தில் அங்கே மற்ற மரங்கள் எல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்க, அவை மட்டும் பச்சையாக இருக்கின்றன. ஜெர்மனியின் பழக்கம் இது. 1848-ல் விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரவியது. அதாவது அவர்கள் தங்கள் ஊரில் பச்சையாக எது நின்றதோ அதை வெட்டி வந்தார்கள். நம்ம ஊரில் பச்சையாக நிற்பது சவுக்கு. ஃபிர் மரத்துக்கு நம் சமவெளி வெயில் ஆகவே ஆகாது.

தாவரவியல் மாணவர்கள் சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சவுக்கு பைன் வகை கிடையாது. அது பூக்கும் தாவரம். நாம் ஊசி இலை என்று நினைப்பது இலையே இல்லை, மெல்லிய குச்சிக் கிளை. அதை இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். அந்தக் கணுவில் பல் மாதிரி சின்னச் சின்னதாக இருப்பவைதான் நிஜ இலை. கசுவாரினா என்ற பெயரே, தொங்கும் கிளைகள் கசுவாரிப் பறவையின் இறகு மாதிரி இருப்பதால் வந்தது. வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. உரம் போடாத கடற்கரை மணலில் அது செழிப்பாக வளரும் ரகசியம் இதுதான்.

சவுக்கு நம் கடற்கரையின் பூர்வகுடி கூட இல்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்த பிறகு எஞ்சினுக்கு விறகு தேவைப்பட்டது. அதற்காகத்தான் மதராஸ் ராஜதானியின் கடலோர மணலில் சவுக்கைப் பெரிய அளவில் வளர்த்தார்கள். ஆக, வந்த மரம்தான். ஆனால் வந்து நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. கட்டடச் சாரம், கல்யாணப் பந்தல், காகித ஆலைக் கூழ், அடுப்பு விறகு என்று இத்தனைக்கும் உழைத்த மரத்தை இன்னும் நம்ம மரம் இல்லை என்று சொன்னால் எப்படி?

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கே வாங்குவது?

கடற்கரையில் ஒடிக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றி நிற்கும் சவுக்கு, உப்புக் காற்றையும் மணலையும் தடுக்கத் தொல்லியல் துறை வளர்த்தது. கடலோரமாக வரிசையாக நிற்பவையும் பெரும்பாலும் காற்றுத் தடுப்புக்காக நட்டவை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, இந்தக் கடற்கரையில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கடலூர் கரையோரத்தை ஆராய்ந்து 2005-ல் "சயின்ஸ்" இதழில் வந்த கட்டுரை, அலையாத்திக் காடும் சவுக்கும் முன்னால் நின்ற இடங்களில் சேதம் குறைவு என்றது. மரம் சுனாமியை எவ்வளவு தடுக்கும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் விவாதம் உண்டு. பங்குனி ஆமை முட்டையிடும் மணல்வரை சவுக்கை நடுவது தப்பு என்றும் ஒரு நியாயமான குரல் இருக்கிறது. அதெல்லாம் எப்படியிருந்தாலும், இரண்டு நாள் அலங்காரத்துக்காக அந்த வரிசையிலிருந்து ஒரு கிளையைக் கூட உடைக்க நமக்கு உரிமையில்லை.

விவசாயியின் பட்டா நிலத் தோப்புதான் நம் இடம். அங்கே சவுக்கு ஒரு பயிர். நட்ட மூன்று முதல் ஐந்து வருஷத்தில் வெட்டிவிடுவார்கள். "மரத்தை வெட்டுவது பாவம் இல்லையாடா?" என்று கேட்கிற நண்பர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பொங்கலுக்குக் கரும்பு வாங்கும்போது ஏன் இந்தக் கேள்வி வருவதில்லை?

ஆனால் ஒரு நிபந்தனை. நிற்கிற மரத்தின் உச்சியை வெட்டித் தரச் சொல்லாதீர்கள். சவுக்கின் விலையே அதன் நேரான நீளத்தில்தான் இருக்கிறது. உச்சி போனால் கழி போச்சு. நம் கடலோரத்து நாட்டுச் சவுக்கு வெட்டிய இடத்தில் நன்றாகத் துளிர்ப்பதும் இல்லை. வெட்டு நடக்கிற தோப்பாகப் பார்த்துப் போங்கள். மரத்தைச் சாய்த்ததும் கழியைத் தனியாக அடுக்குவார்கள், நுனியும் கிளையும் மிளாறு என்று ஒதுக்கப்பட்டு விறகுக்குப் போகும். நமக்கு வேண்டியது அந்த நுனிதான்! நாலைந்து அடி நுனி ஒன்றும், தனியாக ஒரு கை மிளாறும் கேளுங்கள். "சும்மா எடுத்துட்டுப் போப்பா" என்பார்கள். அப்படி எடுத்து வராதீர்கள். கடையில் பிளாஸ்டிக்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருந்த நாம் இவருக்கு இருநூறோ முந்நூறோ கொடுத்தால் குறைந்துவிட மாட்டோம். மனைக்காரன் வந்து விலை கேட்கிற காலத்தில் தோப்புக்கு இப்படியும் ஒரு வருமானம் உண்டு என்று தெரிந்தால் நல்லதுதானே?

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் நவம்பர் கடைசியிலேயே மரம் வாங்கி ஒரு மாதம் வைத்திருக்கிறார்கள். ஃபிர் தாங்கும், சவுக்கு தாங்காது. ஒரு வாரம் தாண்டினால் பழுப்பாகி உதிர ஆரம்பித்துவிடும். 22, 23 தேதி வாக்கில் போவதுதான் சரி. வானிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள், டிசம்பர் இந்தக் கடற்கரைக்குப் புயல் மாதம். 2022-ல் மாண்டஸ் புயல் டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது.

கொண்டு வருவதற்கு முன்னால் மரத்தைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். எறும்பு இருக்கும். உதறாமல் பைக்கில் மடியில் வைத்து வந்தால் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும் :-) பிறகு கிளைகளை உச்சியை நோக்கி மடக்கி, பழைய புடவையால் அடியிலிருந்து நுனிவரை இறுக்கமாகச் சுற்றுங்கள். இதனால் இரண்டு லாபம், கிளை ஒடியாது, காற்றில் காயாது. கார் மேலே கட்டினால் வெட்டிய அடிப்பக்கம் முன்னால் பார்த்து இருக்க வேண்டும். நுனி முன்னால் இருந்தால் எதிர்காற்று கிளைகளைப் பின்னுக்கு மடக்கி முறித்துவிடும். பைக்கில் குறுக்காக வைக்காதீர்கள். கடற்கரைச் சாலையில் போகிற வண்டிகளின் வேகம் தெரியும் அல்லவா? பின்னால் ஒருவர் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். நாலைந்து அடிக்கு மேல் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, நம் வீட்டு ஃபேன்!

வீட்டுக்கு வந்ததும் அடியில் ஓர் அங்குலம் புதிதாக அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டி ரொம்ப நேரமானால் வெட்டுவாயில் காற்றுப் புகுந்து, நீர் ஏறும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க விட்டு, மறுநாள் பக்கெட்டில் ஈர மணலுக்கு மாற்றலாம். மணல் கனமாக இருப்பதால் மரம் சாயாது. தினமும் காலையில் கைவிட்டுப் பாருங்கள், ஈரம் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். மரத்துக்கு நேர் மேலே ஃபேன் ஓடக்கூடாது. அது ஒரே நாளில் காயவைத்துவிடும். சவுக்கு ஃபிர் மாதிரி அடர்த்தி இல்லை என்று குறைப்படுபவர்களுக்காகத்தான் அந்த ஒரு கை மிளாறு. நடுத்தண்டில் மூன்று நான்கை வைத்து நூலால் கட்டினால் புதர் மாதிரி நிறைந்துவிடும். கிளை மெலிசு, கண்ணாடி உருண்டை தொங்கவிட்டால் தலைகுனிந்துவிடும். காகித நட்சத்திரமே போதும். சவுக்கின் காயே குட்டிப் பைன் கூம்பு மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் பொறுக்கி வந்து தங்கக் கலர் அடித்துப் பாருங்கள்.

மெழுகுவத்தி மட்டும் கூடவே கூடாது. சவுக்கு பச்சையாக இருந்தாலே எரியும் என்று விறகுக்குப் பேர் வாங்கிய மரம். காய்ந்ததைக் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் குடிலுக்கு வைக்கோல், மேலே பஞ்சு... நினைத்துப் பாருங்கள். எல்.இ.டி. சீரியல் செட் போதும், அதையும் தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

வெட்டிய மரமே வேண்டாம் என்பவர்களுக்கு நர்சரிகளில் தொட்டியோடு "கிறிஸ்துமஸ் மரம்" என்று விற்கிறார்கள். அது அரகேரியா. பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. அடுக்கடுக்காக அழகாக இருக்கும். நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் மத்தியான வெயில் நேராகப் படக்கூடாது. மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர். நுனிக் குருத்தை மட்டும் கிள்ளிவிடாதீர்கள், போனால் அந்த வடிவம் திரும்பாது. தொட்டியில் இருக்கும்வரை செல்லப்பிள்ளை, தரையில் வைத்தால் மின்கம்பியைத் தாண்டிப் போகும். ஒரு சுவாரசியம்: இந்தக் குடும்பத்தின் குக் பைன் உலகில் எங்கே வளர்ந்தாலும் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாயும் என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி எட்டு டிகிரிக்கு மேல். நம்ம ஊரில் என்றால் தெற்கே. யார் வீட்டிலாவது பெரிய மரம் இருந்தால் திசைகாட்டியோடு போய்ப் பார்க்க ஆசை.

பிளாஸ்டிக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. "ஒரு தடவை வாங்கினா பத்து வருஷம் வரும்ல?" பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் கணக்குப்படி இரண்டு மீட்டர் செயற்கை மரத்தின் கார்பன் கணக்கு சுமார் 40 கிலோ. அதே அளவு நிஜ மரம், கடைசியில் எரித்தால் மூன்றரை கிலோ, குப்பைமேட்டில் மக்கினால் 16 கிலோ. அதனால் ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம் வையுங்கள். நான் சொல்வது இனி வாங்கப் போகிறவர்களுக்கு. எத்தனை வீட்டில் அது பத்து வருஷம் தாங்குகிறது என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள். மூன்றாம் வருஷமே கம்பி வளைந்து பரண் மேல் போய்விடுகிறது. ஏதோ ஒரு போகிக்கு எரிக்கவும் செய்கிறார்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை எவ்வளவு விஷம் என்று வேதியியல் படிக்கிறவர்களைக் கேளுங்கள்.

சவுக்குக்கு அந்தத் தொல்லையும் இல்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அலங்காரத்தைக் கழற்றி, கிளைகளை ஒடித்து மொட்டை மாடியில் காயப்போடுங்கள். உதிர்ந்த சருகைச் செடிக்கு மூடாக்காகப் போடலாம். மீதியைக் கட்டி வைத்தால் பத்து நாளில் பொங்கல் வந்துவிடும். பானைக்கு அடியில் வைக்க இதைவிட நல்ல விறகு செங்கல்பட்டு மாவட்டத்தில் கிடைக்காது.

இந்த டிசம்பரில் கூவத்தூர் பக்கம் யார் தோப்பிலாவது வெட்டு நடக்கிறதென்றால் சொல்லுங்கள். என்னிடம் பழைய புடவை இரண்டு இருக்கிறது.